அது வாது குத்திய வீக்கம் அல்ல

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என்னைப் பார்க்க வருகிறவர்கள் வாசலில் நின்று "பாவம்" என்று உச்சுக்கொட்டுவது எனக்குப் பிடிக்காது. இடது பக்கத்தில் எனக்கு மூன்று விலா எலும்புகள் இல்லை. மற்றதெல்லாம் இருக்கிறது, வாயும் இருக்கிறது. அனுதாபம் கேட்டு இதை எழுதவில்லை. நான் செய்த முட்டாள்தனத்தை இந்த மலைகளில் இன்றைக்கும் எத்தனையோ பெண்கள் செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் ஒருத்தியாவது இதைப் படித்துவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போனால் போதும்.

என் பெயர் ராஜலெட்சுமி. வயது நாற்பத்து நான்கு. அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். கணவர் கணேசன் முன்பு இதே தோட்டத்தில் கவ்வாத்து வெட்டினவர். முற்றிப்போன தேயிலைச் செடியைக் கத்தியால் தாழ வெட்டி, மறுபடி துளிர்க்க விடுகிற வேலை அது. ஒருநாள் வேலை மேற்பார்க்கிற கண்டாக்கோடு வாய்த்தகராறு முற்றி, தோட்டத்துப் பேர்ப் பதிவேடான செக்ரோலில் இருந்த தன் பேரை வெட்டிக்கொண்டு வந்துவிட்டார். இப்போது டவுனில் த்ரீவீல் ஓட்டுகிறார். ஒரே மகள் தர்ஷினி. உயர்தரத்தில், அதாவது பள்ளிக்கூடத்துக் கடைசி வகுப்பில், உயிரியல் படிக்கிறாள். வரிசை வீடுகளான எங்கள் லயத்திலிருந்து உயிரியல் படிக்கப் போன முதல் பிள்ளை அவள்தான்.

நாங்கள் இருக்கும் ஓரறை வீடு, காம்பரா என்போம், என் பேரில் நிற்கிறது. குடும்பத்தில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் காம்பரா என்பது இங்கே எழுதாத சட்டம். தாய் முடியாமல் விழுந்தால் மகள் பேர் பதிய வேண்டும். என் அம்மா விழுந்தபோது நான் அப்படித்தான் பதிந்தேன். அப்போது எனக்குப் பதினெட்டு வயது. தர்ஷினி பிறந்த அன்றைக்கே, இவள் தலையில் கூடைக் கயிறு ஏறக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் சிரிப்பார்கள்.

இனி வீக்கத்துக்கு வருகிறேன். கொழுந்து பறிக்கிறவள் செடிக்குள் சாய்ந்து எட்டி எட்டிக் கிள்ள வேண்டும். தேயிலைக் கிளையை நாங்கள் வாது என்போம். அது வயிற்றிலும் விலாவிலும் குத்திக்கொண்டே இருக்கும். அதற்காகத்தான் இடுப்பைச் சுற்றித் தடித்த படங்குத் துணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறோம். அப்படியும் குத்தும். உடம்பில் வாது குத்திய கன்றலோ வீக்கமோ இல்லாத ஒருத்தியை எங்கள் மலையில் காட்ட முடியாது.

ஆகவே இடது மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல், நெல்லிக்காய் அளவில் ஒன்று தட்டுப்பட்டபோது நான் பயப்படவில்லை. என்னோடு ஒரே வரிசையில் பறிக்கிற புஷ்பத்திடம் காட்டினேன். அவள் தொட்டுப் பார்த்துவிட்டுத் தீர்ப்பே சொல்லிவிட்டாள்.

"இது வாது குத்துன வீக்கம்டி. எனக்கும் போன வருசம் வந்துச்சு. எண்ணெய காச்சித் தேச்சு, படங்கு கயித்த அது மேலயே இறுக்கிக் கட்டு. தன்னால அமுங்கிரும்."

புஷ்பத்தைக் குற்றம் சொல்லமாட்டேன். அவளுக்கு அமுங்கியது. எனக்கு அமுங்கவில்லை. எட்டு மாதம் எண்ணெய் காய்ச்சித் தேய்த்தேன். உப்பு ஒத்தடம் கொடுத்தேன். படங்குக் கயிற்றை மூச்சு முட்ட அதன் மேலேயே இறுக்கினேன். தோட்டத்து டிஸ்பென்சரிக்கு இரண்டு முறை போனேன். இருப்பவர் ஆண்பிள்ளை, மார்புக்குக் கீழே கையை வைத்துக் காட்ட வெட்கம். "விலாவுல வலிங்கய்யா" என்று மட்டும் சொன்னேன். அவரும் வலிக்குத் தைலம் கொடுத்தார். காட்டாத வீக்கத்துக்கு யார் மருந்து கொடுப்பார்கள்? அந்த வெட்கத்தை நினைத்தால் இப்போது என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

நெல்லிக்காய் எலுமிச்சம்பழம் ஆனது. ஒரு காலையில் கை எட்டாமல் தர்ஷினியைக் கயிறு கட்டிவிடச் சொன்னேன். அவள் கட்டாமல் விரலால் அழுத்திப் பார்த்தாள். இந்தப் பக்கம் தள்ளினாள், அந்தப் பக்கம் தள்ளினாள்.

"அம்மா, வீக்கம்னா அமுங்கணும். இல்லாட்டி வழுக்கிக்கிட்டாவது போகணும். இது எலும்போட சேந்து கல்லு மாதிரி நிக்குது. இன்னைக்கு நீங்க மலைக்கு போக வேணாம்."

"இன்னைக்கு போகாட்டி அந்த நாளு சம்பளம் போயிரும்டி."

"போனா போகட்டும். அப்பா, வண்டிய எடுங்க."

வாழ்க்கையில் முதல்முறையாக என் மகள் எனக்கு உத்தரவு போட்டாள். போனேன்.

நுவரெலியாவில் எக்ஸ்ரே எடுத்தார்கள். படத்தை வெளிச்சத்தில் பிடித்த டொக்டரின் முகம் மாறியதைப் பார்த்தேன். அன்றைக்கே கண்டியிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். அங்கே நெஞ்சு அறுவைச் சிகிச்சைக்கான கிளினிக். மர வாங்கில் காலை ஏழு மணிக்கு உட்கார்ந்தால் பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். இரத்தம் எடுக்க ஒரு நாள், ஸ்கேன் எடுக்க ஒரு நாள், எலும்பில் வேறெங்கும் பரவியிருக்கிறதா என்று பார்க்க இன்னொரு நாள். ஒவ்வொரு முறையும் தலவாக்கலைக்கு வந்து ரயில் பிடிக்க வேண்டும். கணேசன் த்ரீவீலை நிறுத்திவிட்டு என்னோடு வருவார். பேசமாட்டார். வாங்கில் நான் சாய்வதற்காகத் தன் ஜேர்சியைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைப்பார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் எனக்கு இவ்வளவு பணிவிடை செய்ததில்லை. நோயிலும் ஒரு இலாபம் என்று அவரிடமே சொன்னேன்.

பிறகு வார்டில் சேர்த்து ஊசி. மரத்துப்போக மருந்து போட்டு, தடித்த ஊசியால் கட்டிக்குள்ளிருந்து ஒரு துணுக்கு எடுத்தார்கள். எங்கே குத்துவது என்பதை அறுவை செய்யப்போகும் டொக்டரே வந்து பேனாவால் புள்ளி வைத்தார். ஊசி போன பாதையில் கட்டியின் விதை சிந்தலாம். அதனால் பிறகு அந்தப் பாதையையும் சேர்த்தே வெட்டி எடுப்பார்களாம். முடிவு வர மூன்று கிழமை, இருபத்தொரு நாள். இந்த மாதிரிக் கட்டி அபூர்வம். ஊசித் துணுக்கை மட்டும் வைத்து நல்லதா கெட்டதா என்று சொல்வது கஷ்டம். ஆகையால் படம் பார்க்கிறவர், துணுக்கைப் பார்க்கிறவர், வெட்டுகிறவர் மூவரும் ஒன்றாக உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுப்பார்கள். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பக்கத்துக் கட்டிலில் இருந்த பௌசியா அக்கா சொல்லித்தான்.

பௌசியா அக்கா கம்பளைக்காரர். அவர் வீட்டுக்காரர் அங்கே புடவைக்கடை வைத்திருக்கிறார். நுரையீரலில் நீர் கோத்து வந்திருந்தார். சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. டொக்டர் என் கட்டிலுக்கு வரும்போதெல்லாம், கேட்காமலே எழுந்து உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவார். முடிவு வந்த அன்றும் அவர்தான் பேசினார்.

"தங்கச்சி, டொக்டர் சொல்ற என்னண்டா, இது விலா எலும்பு குருத்தெலும்போட சேர்ற இடத்துல வந்த கட்டி. கேன்சர்தான். ஆனா மெதுவா வளர்ற சாதி. வேற எங்கயும் போகல்ல. இதுக்கு கேன்சர் மருந்தும், கதிர் புடிக்கிற கரண்டும் பெரிசா கேக்காது. வெட்டி எடுக்கணும். ஒழுங்கா வெட்டினா தப்பலாம்."

அதற்கு ஆங்கிலத்தில் கொண்ட்ரோசார்கோமா என்று பெயர். என் வாயில் நுழையவே ஒரு நாள் ஆனது. கேன்சர் என்ற சொல்லைக் கேட்டதும் பயந்தேன். நன்றாகவே பயந்தேன். அதை மறைத்து எழுதினால் இந்த எழுத்துக்கு மதிப்பில்லை.

ஆனால் அடுத்து டொக்டர் சொன்னதுதான் என்னைச் சண்டைக்காரியாக்கியது. கட்டி உள்ள எலும்பு ஒன்று, மேலே ஒன்று, கீழே ஒன்று என மூன்றையும் முன்பக்கத்தில் வெட்டி எடுப்பார்கள். அப்படியே விட்டால் மூச்சு இழுக்கும்போது அந்த இடம் வெளியே வராமல் உள்ளே குழியும். நுரையீரல் வேலை செய்யாது. அதற்காக இரண்டு வலைக்கு நடுவே எலும்புச் சீமெந்து வைத்து ஒரு தகடு செய்து பொருத்துவார்கள். அதை மூடுவதற்கு முதுகிலிருக்கும் பெரிய சதையைப் பிரித்து முன்னால் திருப்பி வைப்பார்கள்.

"முதுகுச் சதைய எடுத்தா கூடை தூக்கலாமான்னு கேளுங்கக்கா."

கேட்டார். டொக்டர் தலையை ஆட்டினார். முதுகில் பாரம் இனிமேல் கூடாது.

"அப்ப கட்டிய மட்டும் எடுக்கச் சொல்லுங்க. அதச் சுத்தி இருக்கிறத விட்டுறச் சொல்லுங்க."

டொக்டருக்குக் கோபம் வரவில்லை. கொஞ்சம் எடுத்தால் அது திரும்ப வரும், அடுத்த முறை வெட்டுவதற்கு இடம் இருக்காது என்றார். தனக்குத் தெரிந்த தமிழில் "அம்மா, பயம் வேணாம்" என்றும் சொன்னார். எனக்குப் பயம் கத்தி மேல் இல்லை என்பதை எந்தப் பாஷையில் அவருக்குச் சொல்வது? கூடை தூக்க முடியாதவள் பேர் செக்ரோலில் நிற்காது. என் பேர் போனால் காம்பராவுக்காக மகள் பேர் ஏறும். பரீட்சைக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருந்தது. கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நல்லபடி இருக்கிற சதையை எதற்குக் கொடுப்பது என்று வார்டே கேட்க வாதாடினேன்.

அப்போதுதான் கணேசன் வாயைத் திறந்தார்.

"ஏ லெட்சுமி, வாதுல கறையான் அரிச்சிருந்தா கவ்வாத்துல எங்க வெட்டுவேன்?"

"அரிச்சதுக்குக் கீழ."

"எவ்வளவு கீழ?"

"வெள்ள மரம் தெரியுற வரைக்கும்."

"நல்ல மரத்த எதுக்கு வெட்டுறேன்னு நீ என்னய ஒரு நாளாச்சும் கேட்டியா?"

பௌசியா அக்கா இதைச் சிங்களத்தில் டொக்டருக்குச் சொன்னார். டொக்டர் கணேசனை ஒரு தரம் நன்றாகப் பார்த்துவிட்டு, அதேதான் என்பதுபோல் கையைக் காட்டினார். எனக்கு விளங்காமல் இல்லை. விளங்கினது வேறு, ஒப்புக்கொள்வது வேறு. அறுவைக்குக் குறித்த திகதிக்கு இரண்டு கிழமை இருந்தது. வீட்டுக்குப் போய் யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வந்த நான்காம் நாள், தர்ஷினி எனக்குச் சோற்றுக் கோப்பையை நீட்டினாள். அவள் கையைப் பார்த்தேன். பெருவிரல் நுனியும் ஆட்காட்டி விரல் நுனியும் கறுத்திருந்தன. கொழுந்துக் கறை எனக்குத் தெரியாதா? என் விரலில் இருபத்தாறு வருடமாக இருக்கிறது.

"கைய காட்டு."

"ஒண்ணுமில்லம்மா."

"காட்டுடி."

காட்டினாள். பிறகு ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள். "கூட தூக்கணும்னுதானே ஆபரேஷன் வேணாங்கிறீங்க? இனி நீங்க தூக்க வேணாம். நான் ஆபீசுக்கு போய் பேர் பதிஞ்சிட்டேன். முந்தாநாள்ல இருந்து ஸ்கூலுக்குன்னு சொல்லிட்டு மலைக்குத்தான் போறேன். காம்பராவுக்கு பிரச்சினை இல்ல. நீங்க போய் படுங்க."

கோப்பையை வைத்துவிட்டு நான் கத்திய கத்தில் எட்டுக் காம்பராவும் வெளியே வந்து நின்றது. எது நடக்கக்கூடாது என்று, நான் செத்தாலும் பரவாயில்லை என்று கையெழுத்துப் போடாமல் வந்தேனோ, அதை இந்தப் பெண் ஒரு கையெழுத்தில் செய்துவிட்டு வந்து நிற்கிறாள். அவளை அடிக்கக் கை ஓங்கினேன். விலாவில் பிடித்துக்கொண்டது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவளும் என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"திட்டுறதா இருந்தா ஆபரேஷன் முடிஞ்சு வந்து திட்டுங்க," என்றாள்.

அழுகை வந்தது. அழுதுகொண்டே எனக்குக் கணக்குப் புரிந்தது. நான் செத்தாலும் இவள் கூடைதான் தூக்குவாள், சாகும்வரை தூக்குவாள். நான் உயிரோடிருந்தால்தான் சண்டை பிடிக்க ஓர் ஆள் இருக்கும். இது ஏன் அந்த வார்டில் எனக்குத் தோன்றவில்லை என்று தெரியவில்லை. தலைக்கு மேலே வெள்ளம் போகும்போது மூளை வேலை செய்யாதுதான்.

"சரி," என்றேன். "நான் செத்தா நீ கூடை தூக்குவ. நான் இருந்தா, ஒன் தலையில எவன் கயித்த போடுறான்னு பாக்குறேன். நான் எழும்பி நிக்கிற நாள் வரைக்கும்தான் ஒனக்கு அந்த வேல. புத்தகத்த மூடி வச்சேன்னா, நான் வந்ததும் ஒத வாங்குவ."

திகதிக்கு முதல் நாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். தமிழில், முழுப் பேரையும் எழுதினேன்.

அறுவைச் சிகிச்சை ஐந்து மணி நேரம். அதைப்பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கண் விழித்தபோது தொண்டைக்குள் ஒரு குழாய், விலாவில் ஒரு குழாய், மூத்திரத்துக்கு ஒரு குழாய். விலாக் குழாய் தரையிலிருந்த போத்தலுக்குப் போனது. நான் மூச்சு விட அதில் நீர் ஏறி இறங்கியது. வலியைச் சொல்லி முடியாது. தும்மல் வந்தால் உயிர் போய்த் திரும்பி வரும். சிரிக்கவும் முடியாது. பௌசியா அக்கா அதற்குள் சுகமாகி வீட்டுக்குப் போயிருந்தார். போகுமுன் எனக்காக நர்ஸ் மிஸ்ஸிடம் தலையணை ஒன்று கொடுத்துவிட்டுப் போனார். இருமும்போது அதை விலாவில் வைத்து அணைத்துக்கொள் என்று நர்ஸ் மிஸ் சைகையில் காட்டினார். அந்தத் தலையணை இல்லாவிட்டால் நான் இருமியே இருக்கமாட்டேன். இருமாவிட்டால் சளி கட்டி நியுமோனியா வருமாம்.

மூன்றாம் நாள் ஒரு விளையாட்டுச் சாமான் கொண்டுவந்தார்கள். மூன்று பெட்டிக்குள் மூன்று பந்து. குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏறும். நுரையீரல் விரிகிறதா என்று பார்க்க அது. முதல் நாள் ஒரு பந்தும் அசையவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பச்சைப் பிள்ளைக்குக் கொடுக்கிற பிளாஸ்டிக் பந்து, இருபத்தாறு வருடம் மலை ஏறினவளைப் பார்த்து அசையமாட்டேன் என்கிறது. மணிக்கு ஒரு தரம் இழுக்கச் சொன்னார்கள். நான் கால் மணிக்கு ஒரு தரம் இழுத்தேன். நர்ஸ் மிஸ் வந்து பிடுங்கி வைத்தார். அவர் போனதும் எடுத்தேன். ஆறாம் நாள் இரண்டு பந்து ஏறியது. விலாக் குழாயைக் கழற்றிய பிறகு மூன்றும் ஏறியது. கணேசன் பார்த்துக்கொண்டிருந்தார். "மெதுவாடி," என்றார். அவருடைய கண் கலங்கியிருந்தது.

வெட்டி எடுத்த துண்டின் ஓரங்களைச் சுற்றிலும் சோதித்து, எந்த ஓரத்திலும் கட்டியின் விதை இல்லை என்று மூன்றாம் கிழமையில் எழுதிக் கொடுத்தார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் வந்து ஸ்கேன் எடுக்க வேண்டும். திரும்பி வராது என்று யாரும் சத்தியம் செய்யவில்லை. நானும் கேட்கவில்லை. மூன்று மாத ஓய்வுக்குப் பிறகு பாரம் தூக்காத வேலை செய்யலாம் என்று டொக்டரிடம் ஒரு கடிதம் மட்டும் கேட்டு வாங்கினேன். எதற்கு இவ்வளவு அவசரம் என்று கேட்டார். மகளுக்குப் பரீட்சை என்றேன்.

வீட்டில் படுத்திருந்த நாட்களில் தர்ஷினி விடியற்காலையில் கூடையோடு போவதையும், மாலையில் வந்து ஈரத் தலையோடு புத்தகத்தைத் திறப்பதையும், பக்கம் திரும்பாமல் தூங்கிப்போவதையும் பார்த்தேன். ஒவ்வொரு நாளும் என் நெஞ்சில் சீமெந்துத் தகடு வைத்த இடத்தை விட அது அதிகமாக வலித்தது. டொக்டர் சொன்ன மூன்று மாதம் முடிகிற அன்று இரவு அவளுடைய வெள்ளைச் சீருடையைத் தோய்த்து, அடுப்புக்கு மேலே காயப்போட்டேன்.

காலையில் அவளை அதைப் போட வைத்து, ஆறரை பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். "அம்மா, பெரட்டுல பேர் கூப்புடுவாங்களே," என்றாள். "கூப்புடட்டும்," என்றேன்.

பெரட்டு என்றால் காலையில் எல்லோரையும் களத்தில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பது. நான் கூடையில்லாமல், படங்கு கட்டாமல், ஜேர்சியின் மேல் சால்வை போட்டுக்கொண்டு பெண்களின் வரிசையில் புஷ்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கண்டாக்கு செக்ரோலைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

"தர்ஷினி."

அவர் மறுபடி கூப்பிட்டார்.

"கணேசன் மக தர்ஷினி."

"அவ ஸ்கூலுக்குப் போயிட்டாங்கய்யா," என்றேன்.

அவர் தலையை நிமிர்த்தினார். "ராஜலெட்சுமியா? நீங்க எதுக்கு வந்தீங்க? ஒங்களால கூட தூக்க ஏலாதே."

"ஏலாதுங்கய்யா. தேயிலக் கன்னு வளக்கிற தவறணையில பையில மண்ணு நெரப்பலாம். அதுக்கு ரெண்டு கை போதும், விலா எலும்பு வேணாம்." டொக்டரின் கடிதத்தை நீட்டினேன்.

"தவறணையில ஆள் இருக்காங்க. மகள வரச் சொல்லுங்க, இல்லாட்டி காம்பராவ பத்தி ஆபீசுல பேச வேண்டி வரும்."

"பேசுங்க. நானும் வாறேன். ஆனா மக வரமாட்டா. அந்தப் பேர வெட்டுங்க."

அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். அது புஷ்பத்தின் பேர். புஷ்பம் வாயைத் திறக்கவில்லை. கூடையைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டு என் பக்கத்திலேயே நின்றாள். அடுத்த பேருக்கும் பதில் இல்லை. அதற்கடுத்த பேருக்கும் இல்லை. மலைக்குப் போக வேண்டிய நேரம் போய்க்கொண்டிருந்தது. எனக்கு மூச்சு ஒழுங்காக வந்தது. கண்டாக்கு வரிசையை ஒரு தரம் பார்த்தார், கடிதத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, என் மகளின் பேர் மேல் கோடு போட்டார்.